மார்கழிக் குளிரும் பூமியின் சூடும்

மார்கழி கொஞ்சம் குளிர்ந்துவிட்டால் போதும், "பூமி சூடாகிறது என்றார்களே, எங்கே?" என்று படித்தவர்களே கேட்கக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு வாரக் குளிர் வானிலை. காலநிலை என்பது முப்பது ஆண்டுச் சராசரி.

கரியமில வாயு கூடினால் பூமி சூடாகும் என்று ஸ்வீடன் விஞ்ஞானி அரீனியஸ் 1896-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலை மேலுள்ள ஆய்வகத்தில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது, காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு இருந்த அந்த வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இதற்குப் பிறகும் வாதமா?

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கத் தொடங்கியது ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு. 2024 நவம்பர் 30 இரவு அது புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணை நீர் வந்து தென்பெண்ணை பெருகி, கடலூரில் ஆற்றோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. 2011-இல் தானே புயல் காற்றால் நம் பலாவையும் முந்திரியையும் சாய்த்தது. இந்தப் புயல் நீரால் அடித்தது. ஒரு டிகிரி சூடு ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். ஒரு புயலின் முழுப் பழியையும் வெப்பமயமாதல் மீது போட முடியாது, சரி. ஆனால் பெய்கிற மழையின் கனம் கூடுவதை இனி மறுக்கவே முடியாது. அந்த மழை தங்க வேண்டிய ஏரியில் மனை போட்டு விற்கிறோமே!

தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து மொட்டை மாடியில் ஒரு மழைமானி வைக்கப் போகிறேன். கடலூர்ப் பக்கம் யார் வீட்டிலாவது பழைய மழைக் குறிப்பேடு இருந்தால் சொல்லுங்கள், வந்து பார்த்து எழுதிக்கொள்கிறேன்.