முக்கோணக் காட்டில் பதினெட்டு கிராம்

லண்டனில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலைப் பிடித்து சிஸ்விக் பார்க் நிலையத்தில் இறங்கினால், எதிரிலேயே கன்னர்ஸ்பரி ட்ரையாங்கிள். தண்டவாளங்களுக்கு நடுவே சிக்கிக்கொண்ட முக்கோண நிலம், ஏறத்தாழ இரண்டரை ஹெக்டேர். மனிதர் கைவிட்ட இடத்தில் பிர்ச் மரங்கள் தாமாக முளைத்துக் காடாகிவிட்டன. அதில் கட்டடம் எழுப்ப வந்தபோது அக்கம்பக்கத்தார் எதிர்த்து நின்றார்கள். 1983இல் பொது விசாரணை வரை போய் வென்றார்கள். 1985 முதல் அது இயற்கைக் காப்பிடம். அங்கே சிறு பாலூட்டிகளைக் கணக்கெடுக்கத் தன்னார்வலராகப் போயிருந்தேன்.

எங்கள் ஊரில் எலிப்பொறி என்றால் மசால்வடைத் துண்டும், மறுநாள் காலை ஒரு வாளித் தண்ணீரும்தான். இங்கே கையில் கொடுத்தது லாங்வொர்த் பொறி: அலுமினியத்தில் ஒரு குறுகிய சுரங்கம், அதன் பின்னால் ஒரு பெட்டி. பெட்டி நிறைய உலர்ந்த புல், ஓட்ஸ், ஈரத்துக்குக் கேரட் துண்டு, கூடவே ஒரு பிடி ஈக் கூட்டுப்புழு. அந்தக் கூட்டுப்புழு மூஞ்சூறுக்காக. மூஞ்சூறு எலிக் குலமே அன்று, பூச்சி தின்பது. இரண்டு மூன்று மணி நேரம் பட்டினி கிடந்தாலே செத்துவிடும். உரிமம் இல்லாமல் அதைப் பொறி வைத்துப் பிடிக்க 1981ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் இங்கே இடம் தருவதில்லை. மழைநீர் உள்ளே இறங்காதபடி வாயைச் சற்றே தாழ்த்தி, முட்புதர் ஓரமாக ஒவ்வொரு பொறியையும் வைத்தோம். உள்ளே வரும் உயிர் விடியும்வரை நன்றாக இருக்க வேண்டும். அந்த மாலை முழுவதும் எங்கள் கவலை அது ஒன்றுதான்.

சனிக்கிழமை விடிகாலை, நான்காம் எண் பொறியின் கதவு மூடியிருந்தது. புல்லோடு சேர்த்து பிளாஸ்டிக் பைக்குள் மெல்லக் கவிழ்த்தோம். பெரிய காது, துருத்திய கருவிழி, உடல் நீளத்துக்கு வால்: காட்டுச் சுண்டெலி. வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. தோல் உரிந்து கையோடு வந்துவிடும். பிடரித் தோலைப் பற்றியபோது என் விரலில் அதன் நெஞ்சு படபடத்தது. சுருள்வில் தராசில் பையின் எடையைக் கழித்தால் பதினெட்டு கிராம். வலத் தொடையில் கொஞ்சம் மயிரைக் கத்தரித்து, பிடித்த இடத்திலேயே விட்டோம்.

அடுத்தடுத்த பொறிகளில் இரண்டு வோல்கள், எலியைப் போன்ற சிறு கொறிணிகள். மொட்டை மூக்கு, மயிருக்குள் புதைந்த காது, செம்பழுப்பு முதுகு. கடைசிப் பொறியில் ஒரு மூஞ்சூறு. இரும்புச்சத்து ஏறிச் சிவந்த பல்நுனி ஒரு நொடி தெரிந்தது. அதை நிறுக்கக்கூட நிற்காமல் உடனே விட்டுவிட்டார் எங்கள் குழுத் தலைவி. அது சரியென்றே எனக்கும் பட்டது.

மயிர் கத்தரிப்பது வெறும் அடையாளத்துக்கு அன்று. மறுநாள் சிக்குபவற்றில் எத்தனை கத்தரித்தவை என்று பார்த்தால், கண்ணில் படாதவற்றையும் சேர்த்து மொத்தம் எத்தனை இருக்கும் என்று மதிப்பிடலாம். வேலியோரம் ரயில் போகும்போதெல்லாம் மண் அதிர்கிற இந்தத் துண்டு நிலத்தில் எத்தனை உயிர்கள் வாழ்கின்றன என்று சொல்ல, இந்தக் கணக்குத்தான் கையில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் நான்காம் எண் மூடியிருந்தது. வலத் தொடையில் கத்தரித்த தடம். நேற்று பதினெட்டு கிராம், இன்று பத்தொன்பதரை. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். ஓட்ஸ் ஒரு மணிகூட மிச்சமில்லை.