சிஓடி பரிசோதனைக்கு ஒரு லிட்டர் டைக்ரோமேட்

கோவை பக்கம் ஒரு கழிவுநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தபோது, என்னை நம்பித் தனியாகக் கொடுத்த முதல் வேலை 0.25 நார்மல் (செறிவின் அலகு) பொட்டாசியம் டைக்ரோமேட் கரைசல் தயாரிப்பது. கழுத்தில் ஒரே அளவுக்கோடு (மார்க்) உள்ள ஒரு லிட்டர் ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்க், துல்லியம் கூடிய ஏ கிளாஸ். ஆலைகளிலிருந்து வரும் தண்ணீரில் சிஓடி, அதாவது அதிலுள்ள கழிவை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன், எவ்வளவு என்பது கடைசியில் இந்தக் கரைசலை நம்பித்தான் நிற்கிறது. சுத்திகரித்து நீர்நிலையில் விடும் தண்ணீருக்குப் பொது வரம்பு லிட்டருக்கு 250 மில்லிகிராம். டைக்ரோமேட் ஒரு சதவீதம் பிசகினால் அதை வைத்துக் கணக்கிடும் எல்லா சாம்பிளும் அதே அளவு பிசகும். அதனால் இந்த வேலையில் அவசரம் கூடாது என்று இன்றும் நினைக்கிறேன்.

உப்பை 103 டிகிரியில் 2 மணி நேரம் உலர்த்தி, ஈரம் புகாத டெசிகேட்டரில் ஆறவிட்டேன். கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம். இந்த உப்பில் இருக்கும் ஆறு இணைதிற குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும், அதன் தூசியை மூச்சில் இழுக்கவே கூடாது. தேவையான எடை 12.259 கிராம். ஆனால் சரியாக அந்த எண்ணைப் பிடிக்கிறேன் என்று ஸ்பாட்டுலாவில் துளித்துளியாக எடுப்பதும் போடுவதுமாக இருந்தால், நேரமும் வீணாகும், உப்பு தட்டிலும் சிந்தும். எனக்கு 12.2714 வந்தது. அதை அப்படியே எழுதிக்கொண்டு டைக்ரோமேட்டின் சமான எடையான 49.031-ஆல் வகுத்தால் 0.2503 நார்மல். உண்மையான எடையைக் கணக்கில் கொண்டுவந்தால் போதும்.

உப்பை நேராக ஃபிளாஸ்கில் கொட்டாமல், பீக்கரில் 400 மில்லி அளவு டிஸ்டில்ட் வாட்டரில் முழுதாகக் கரைத்து, புனல் வழியாக ஊற்றினேன். பீக்கர், கண்ணாடிக் கம்பி, புனல் மூன்றையும் வாஷ் பாட்டிலால் திரும்பத் திரும்பக் கழுவி, அந்தக் கழுவு நீரும் உள்ளேதான் போக வேண்டும். டைக்ரோமேட்டில் ஒரு வசதி, ஆரஞ்சு நிறம் போகும்வரை கழுவினால் போதும். நிறமில்லாத உப்பென்றால் இந்தத் தைரியம் வராது.

ஃபிளாஸ்கின் உட்புறம் ஈரமாக இருந்ததைப் பார்த்து, அதைக் காயவைக்கவா என்று சீனியர் அக்காவிடம் கேட்டேன். “எதுக்குங் கண்ணு? எப்படியும் தண்ணிதானே ஊத்தப் போற. பிப்பெட்டையும் பியூரெட்டையும்தான் கரைசலால அலசணும்” என்றார். ஃபிளாஸ்கைக் கரைசலால் அலசினால் எடை போடாத உப்பு உள்ளே தங்கிவிடும் என்பதையும் அவரே சொன்னார்.

முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியில்லாமல் மெதுவாகச் சுழற்றிக் கலக்கினேன். அப்புறம் மார்க்குக்கு ஒரு விரல் கீழேவரை தண்ணீர். சிறிது நேரம் விட்டால் கழுத்தின் சுவரில் ஒட்டிய நீர் இறங்கிவிடும். அதன் பிறகு டிராப்பர். கழுத்து குறுகலாக இருப்பதன் பயன் இங்கேதான் தெரிகிறது. பீக்கரில் ஒரு சொட்டு விழுந்ததே தெரியாது, இங்கே அந்த ஒரு சொட்டுக்கே மட்டம் நகர்கிறது. மார்க் கழுத்தைச் சுற்றி ஓடும் வளையம் என்பதால், முன்கோடும் பின்கோடும் ஒன்றாகத் தெரியும் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய், மெனிஸ்கஸின், அதாவது குழிந்த நீர்மட்டத்தின், அடிவளைவு கோட்டைத் தொடும்போது நிறுத்தினேன்.

அடுத்ததுதான் பலரும் விட்டுவிடும் இடம். மார்க்கைத் தொட்டாலும் கழுத்தில் இருப்பது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்தான், ஆரஞ்செல்லாம் கீழே. மூடியை அழுத்திப் பிடித்து, அடியில் மறு கையைக் கொடுத்துக் கவிழ்த்து, காற்றுக்குமிழி மேலே போய்ச் சேரும்வரை பொறுத்து, சுழற்றி நிமிர்த்தினேன். இருபது தடவையாவது செய்ய வேண்டும். முதல் சில தடவைகளில் நிறம் திட்டுத்திட்டாக ஓடுவது கண்ணுக்கே தெரியும். கலக்கி முடித்தபின் மட்டம் மார்க்குக்குக் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. மூடியிலும் கழுத்திலும் கரைசல் ஒட்டியதால் வந்த குறைவு அது. இன்னொரு சொட்டுத் தண்ணீர் சேர்த்தால்தான் செறிவு கெடும்.

ஃபிளாஸ்கில் அதன் அளவு சரியாக இருக்கும் வெப்பநிலையாக 20 டிகிரி என்று அச்சிட்டிருக்கும். நம் ஊர்க் கோடையில் அது வெறும் கனவு. 20-லிருந்து 30-க்குப் போனால் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 2.6 மில்லி விரியும். ஏ கிளாஸ் ஃபிளாஸ்கின் பிழை வரம்போ 0.4 மில்லிதான். கண்ணாடி விரிவது மிகக் குறைவு. எனவே மார்க்வரை நிரப்பிய வெப்பநிலையிலேயே கரைசலைப் பயன்படுத்துவது நல்லது. டைக்ரோமேட்டோடு டைட்ரேட் செய்யப் பயன்படும், கந்தக அமிலம் சேரும் எஃப்ஏஎஸ் (ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்) கரைசலில் இது இன்னும் முக்கியம், சூடு முழுதாக ஆறும்வரை மார்க் பக்கம் போகவே கூடாது.

கரைசலை உலர்ந்த கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றி, பெயர், நார்மாலிட்டி, தேதி எழுதி ஒட்டினேன். பிறகு 25 மில்லி எடுத்து, தண்ணீரும் அமிலமும் சேர்த்து ஆறவைத்து, நிறம் மாறி முடிவைக் காட்டும் ஃபெரோயின் விட்டு, எஃப்ஏஎஸ்ஸைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து டைட்ரேட் செய்தோம். எஃப்ஏஎஸ் காற்றுப் பட்டே வலுவிழப்பதால் அதன் செறிவைத் தினமும் பார்க்க வேண்டும். கடைசிச் சோதனை, சிஓடி முன்பே தெரிந்த பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட். லிட்டருக்கு 425 மில்லிகிராம் கரைத்தால் சிஓடி 500 வர வேண்டும். 500-ஐ ஒட்டியே வந்தது. அக்கா பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபின், காத்திருந்த சாம்பிள்களை எடுத்தோம்.