கம்பி மெஷினும் ஆடிக் காற்றும்

ஜூலை 19, 2025, சனி

கம்பி ஓடும் வெல்டிங் மெஷின் வந்துவிட்டது. நாகர்கோவிலில் ஏற்றி, திங்கள்சந்தை தாண்டி எங்கள் பட்டறை வாசலில் இறக்கும்போது சாரல் பிடித்துக்கொண்டது. நானும் அக்கா மகனும் தார்ப்பாயைப் போர்த்தி உள்ளே தூக்கி வைத்தோம். இருபத்திரண்டு வருடமாக வெல்டிங் ராடு பிடித்த கை இது. இனி கம்பி தானாக ஓடிவரும் டார்ச்சைப் பிடிக்கப் பழக வேண்டும்.

இப்போது கடைக்கு வருகிற சதுரப் பைப் பெரும்பாலும் ஒன்றரை மில்லி கனம், அதற்கும் குறைவு. ராடு வைத்தால் ஓட்டை விழுகிறது. ஓட்டையை அடைக்க இன்னும் கொஞ்சம் உருக்கி ஊற்றினால் பக்கத்தில் இன்னொரு ஓட்டை. முட்டத்தில் ஒரு வீட்டுப் படிக்கட்டுக்குக் கைப்பிடி ஒத்துக்கொண்டிருக்கிறேன். அதில் வயதானவர்கள் பிடித்து இறங்கப் போகிறார்கள். ஒட்டுப் போட்ட வேலையை அங்கே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பையனுக்கு உடனே பிளக்கைச் செருகிப் பார்க்க ஆசை. முதலில் மெஷினின் பின்பக்கத் தகட்டை வாசிக்கச் சொன்னேன். அதிகபட்சமாக இழுக்கும் மின்னோட்டம் 30 ஆம்பியர் என்று இருந்தது. பட்டறையில் இருப்பதோ 16 ஆம்பியர் சாக்கெட், பழைய 2.5 சதுர மில்லி வயர். முழுப் பளுவில் ஓட்டினால் சுவருக்குள்ளேயே வயரின் உறை உருகக்கூடும்.

எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி சாயங்காலம் வந்தார். சாக்கெட்டைக் கழற்றியவர் ஒன்றும் பேசாமல் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எர்த் பின்னுக்குப் போக வேண்டிய பச்சை வயர் எதிலும் சேராமல், நுனி மடக்கி, பெட்டிக்குள் சுருட்டி விடப்பட்டிருந்தது. இத்தனை வருடம் எர்த்தே இல்லாமல் கிரைண்டர் ஓட்டியிருக்கிறோம், அதுவும் மழைக்காலத்து ஈரத் தரையில், ரப்பர் செருப்போடு. எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

மீட்டர் பலகையிலிருந்து தனியாக 6 சதுர மில்லி செம்பு வயர், அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் துண்டிக்கும் 32 ஆம்பியர் சி வகை எம்.சி.பி., கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., கிணற்றடியில் புது எர்த் குழி என்று அவர் கணக்குச் சொன்னார். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். அவர் சொன்ன இன்னொன்றையும் குறித்துக்கொள்கிறேன். ஆர்.சி.சி.பி. காப்பாற்றுவது கரண்ட் உள்ளே வரும் பக்கத்தை மட்டும்தான். டார்ச் பக்கத்து மின்சாரம் மெஷினுக்குள் தனியாகப் பிரிந்துவிடுவதால் அதில் கை பட்டால் இது கரண்டைத் துண்டிக்காது. வியர்வையில் நனைந்த உடம்புக்கு அந்தப் பக்கத்து 60, 70 வோல்ட்டே ஆபத்து. காய்ந்த கையுறை, ரப்பர் அடி வைத்த பூட்ஸ், ஈரம் இல்லாத தரை, இவைதான் அங்கே காப்பு.

ஜூலை 21, திங்கள்

வயரிங் முடிந்தது. இன்று கம்பி ஏற்றினோம்.

0.8 மில்லி கம்பி, செம்புப் பூச்சு உள்ளது. மெஷினின் பக்கக் கதவைத் திறந்தால் கம்பியைத் தள்ளும் சின்னச் சக்கரம் ஒன்று இருக்கிறது, பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அதன் விளிம்பில் இரண்டு பள்ளங்கள், ஒன்றில் 0.8, இன்னொன்றில் 1.0 என்று பொறித்திருக்கிறார்கள். வந்தபடியே மாட்டியிருந்தால் 1.0 பக்கம்தான் ஓடியிருக்கும். பள்ளம் பெரிதானால் கம்பி வழுக்கும், வழுக்குகிறதே என்று திருகை இறுக்குவோம், இறுக்கினால் கம்பி நசுங்கி, டார்ச் நுனியில் அது வெளிவரும் துளையான டிப்புக்குள் சிக்கும். பையன்தான் அந்த எழுத்தைக் கண்டுபிடித்தான். கோணம் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன், கண் கூர்மை.

சுருளிலிருந்து கம்பி நுனியை அவிழ்க்கும்போது கையை விட்டுவிட்டால் மொத்தச் சுருளும் ஸ்பிரிங் மாதிரி விரிந்து சிக்காகிவிடும். ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நுனியைச் சதுரமாக வெட்டி, பிசிறை அரத்தால் தேய்த்து, நாலு விரற்கடை நேராக்கி உள்ளே விட்டோம். டார்ச் வயரைத் தரையில் நேராக நீட்டிப் போட்டு, டிப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்பியை ஓட்டினால் தடங்கல் இல்லாமல் வருகிறது.

அழுத்தம் சரிதானா என்று பார்க்க, டார்ச்சிலிருந்து வரும் கம்பியை ஒரு மரக்கட்டையில் சாய்வாக முட்ட விட்டோம். கட்டையில் பட்ட கம்பி வளைந்துகொண்டே வந்தால் சரி. முட்டி நின்று சக்கரம் வழுக்கினால் இன்னும் கால் திருகு. அளவுக்கு மேல் இறுக்கி வைத்தால், டிப்பில் கம்பி ஒட்டிக்கொள்ளும் அன்று சக்கரத்தடியில் குருவிக்கூடு மாதிரி கம்பி குவிந்து கிடக்கும்.

கம்பி ஓடும்போது பையன் டார்ச் வாயைக் குனிந்து பார்த்தான். நான் கத்திவிட்டேன். அந்தக் கம்பி ஊசி மாதிரி கண்ணில் ஏறும். விசையை அழுத்தியிருக்கும் வரை அதில் மின்சாரமும் இருக்கிறது. பின்னால் அவனை உட்காரவைத்துச் சொன்னேன், கோபம் இல்லை, பயம்தான் என்று.

உருகும் இரும்பைக் காற்று படாமல் மூடும் கார்பன் டை ஆக்சைடு வாயுவின் சிலிண்டரை மூலையில் நிறுத்தி, தூணோடு சங்கிலி போட்டுக் கட்டினோம். அதன் தலையில் இருக்கும் வால்வு உடைந்தால் அந்த எடை எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரெகுலேட்டர் மாட்டுவதற்கு முன் ஒருபக்கமாக விலகி நின்று வால்வை நொடிப்பொழுது திறந்து மூடித் தூசியை ஊதிவிட்டேன். மாட்டிய பிறகு சோப்புத் தண்ணீர் தடவினால் ஓர் இணைப்பில் குமிழி வந்தது. கழற்றி வாஷரைத் திருத்தி மாட்டியதும் நின்றது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தங்கும். அதனால் பட்டறையின் கீழ் ஜன்னலை இனி அடைப்பதில்லை.

ஜூலை 22, செவ்வாய்

முதல் பற்று, அதாவது இந்த மெஷினில் முதல் வெல்டிங். கையெல்லாம் வியர்த்தது.

கம்பி வேகம் அதிகமானால் டார்ச் கையைப் பின்னால் தள்ளுகிறது. குறைந்தால் கம்பி டிப்பு வரைக்கும் எரிந்து ஏறிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. சட்டியில் கடுகு வெடிப்பது போல் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம், அந்த இடத்துக்கு வந்ததும் நன்றாகக் காய்ந்த எண்ணெயில் பப்படம் பொரிவது போல் ஒரே சீராக மாறியது. பையன் முகமூடிக்குள் இருந்தபடியே "மாமா, இதுதான்" என்றான்.

85 ஆம்பியரில் 5 மில்லி பட்டை இரும்பு இரண்டைத் 'ட' மாதிரி நிறுத்திப் பற்றவைத்தேன். பார்க்க அவ்வளவு அழகு. ராடில் இருபது வருடம் போட்டும் எனக்கு வராத சீரான அலை. ஆனால் ஆசான் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த காலத்தில் புது ராடு, புது மெஷின் எது வந்தாலும் முதல் துண்டை உடைத்துப் பார்க்காமல் விட மாட்டார். வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்தேன். மூன்றாவது அடியில் பிரிந்து விழுந்தது.

துண்டை வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தோம். பற்று முழுதாக மேல் துண்டோடு வந்திருந்தது. அடித் துண்டில், பற்று உட்கார்ந்திருந்த இடத்தில், நான் காலையில் கிரைண்டர் வைத்துத் தேய்த்த கோடுகள் அப்படியே இருந்தன. ஒரு கோடுகூட உருகவில்லை. மெழுகுவத்தி உருகித் தரையில் வழிந்து உறைந்தது போல் மேலே படிந்திருக்கிறதே தவிர உள்ளே இறங்கவில்லை.

ராத்திரி முழுக்க அந்தக் கோடுகள்தான் கண்ணுக்குள். ராடில் தப்பு செய்தால் அசிங்கமாகத் தெரியும், வாடிக்கையாளரே விரல் வைத்துக் காட்டுவார். இதில் தப்பு அழகாக இருக்கிறது. கார் டிரெய்லர் கொக்கியோ மாடிப்படியோ இப்படிப் போட்டுக் கொடுத்தால், அது உடையும் நாள் வரை ஒருவருக்கும் தெரியாது. 150 ஆம்பியருக்கு ஏற்றி, வோல்ட்டையும் கூட்டி, மறுபடி போட்டேன். இம்முறை சுத்தியலுக்குப் பட்டை மடிந்ததே தவிர பற்று விடவில்லை. இனி ஒவ்வொரு கனத்துக்கும் ஒரு துண்டை உடைத்துப் பார்த்து, அந்த அளவைக் கதவின் உட்புறம் சாக்பீஸால் எழுதிவைப்பது என்று முடிவு.

தகட்டில் 60 சதவீதம் என்று ஒன்று இருந்ததே, அதுவும் இன்று புரிந்தது. பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஓடலாம், நாலு நிமிடம் ஆற வேண்டும். ஆறும்போது சுவிட்சை அணைக்கக் கூடாது, விசிறி ஓடினால்தான் உள்சூடு இறங்கும்.

ஜூலை 23, புதன்

அதிகாலை இரண்டு மணிக்கு அக்காவிடமிருந்து போன். பையனுக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை, மணலை அள்ளிப் போட்டது போல் அறுக்கிறது, தண்ணீராகக் கொட்டுகிறது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நான் அழகு பார்த்துப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அவன் பக்கவாட்டில் நின்று முகமூடி இல்லாமல் போனில் படம் எடுத்திருக்கிறான். போன் திரை வழியாகப் பார்த்தால் ஒன்றும் ஆகாது என்று நினைத்திருக்கிறான். ஒளி திரை வழியாகவா வருகிறது, நாலு பக்கமும் அல்லவா வருகிறது!

நான் போவதற்குள் வீட்டில் உருளைக்கிழங்கு வெட்டி வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால் கேட்கப் போகவும் ஆளைத் தயார் செய்திருந்தார்கள். அன்பில் செய்வதுதான். ஆனால் வெந்த கண்ணின் மேல்தோலில் கிருமி ஏறினால் புண்ணாகிவிடும். வேண்டாம் அக்கா என்று கையைப் பிடித்துத் தடுத்து, சுத்தமான ஈரத்துணியை மூடிய கண்ணில் வைத்து, விடிந்ததும் நாகர்கோவிலுக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

கருவிழியின் மேல்தோல் புற ஊதா ஒளியில் வெந்திருக்கிறது, ஒன்றிரண்டு நாளில் புதுத்தோல் வந்துவிடும் என்றார் டாக்டர். பட்டவுடன் தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் வலி தொடங்கும், அதனால்தான் பலரும் வெல்டிங்கோடு சேர்த்து நினைப்பதில்லை என்றும் சொன்னார். வலியை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை வீட்டுக்குக் கேட்டேன். அதைத் தொடர்ந்து விட்டால் புண் ஆறாது என்று தரமறுத்துவிட்டார். அவர் மறுத்தது நியாயம்.

தப்பு என்னுடையது. பட்டறைக்குள் இன்னொருவர் இருக்கும்போது திரை கட்டாமல் ஆர்க் அடித்தேன். சாயங்காலமே தடித்த தார்ப்பாயை வேலை மேசையைச் சுற்றித் தொங்கவிட்டேன். புது முகமூடி ஒன்றும் வாங்கிவிட்டேன், 10ஆம் எண் இருட்டுக்கு வைப்பது. தானாக இருளும் கண்ணாடி என்றாலும் தினமும் காலையில் வெயிலுக்குக் காட்டி ஒருமுறை சோதித்துவிட்டுத்தான் போட வேண்டும்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. பட்டறை அடைப்பு. விடியற்காலையில் கன்னியாகுமரிக்குப் போய் அப்பாவுக்குப் பலி, அதாவது தர்ப்பணம், போட்டுவிட்டு வந்தேன். பையன் கண்ணைத் திறந்துவிட்டான்.

ஜூலை 29, செவ்வாய்

முட்டம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த வீட்டு மாடிப்படியில் நின்றபோது முகமூடியே பறக்கப் பார்த்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிற காற்றுக்கு என் டார்ச்சிலிருந்து வரும் வாயு எம்மாத்திரம்? பட்டறையில் நிமிடத்துக்கு 12 லிட்டர் விட்டால் அருமையாக ஓடிய கம்பி, இங்கே போட்ட முதல் பற்றிலேயே ஆப்பத்தின் நடுவில் இருப்பது போல் கண் கண்ணாக ஓட்டை விட்டது. வாயுவைக் கூட்டினால் சுழல் எழுந்து காற்றை இன்னும் உள்ளே இழுக்கிறது. மணிக்கு எட்டு கிலோமீட்டர் காற்றே இந்த வாயுப் போர்வையைக் கலைக்கப் போதும். சாக்கு கட்டி மறைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை.

மதியம் திரும்பிவந்து, உள்ளே மருந்து வைத்த கம்பிச் சுருளை எடுத்துப் போனேன். இதற்கு வாயு வேண்டாம், மருந்தே எரிந்து புகையாகவும் கசடாகவும் மூடிக்கொள்கிறது. ஆனால் மெஷினில் இரண்டை மாற்ற வேண்டும். கம்பி மெத்தென்று இருப்பதால் வரிப்பல் வெட்டிய சக்கரம். அப்புறம் துருவம்: வாயு ஓட்டும்போது டார்ச் பாசிட்டிவ், இந்தக் கம்பிக்கு டார்ச் நெகட்டிவ். மெஷினை அணைத்துவிட்டு உள்ளே இருக்கும் இரண்டு இணைப்பையும் மாற்றி முடுக்கினேன். மாற்றாமல் ஓட்டினால் பொறி சிதறித் தெறிக்கும், பற்று பிடிக்காது. கம்பிச் சுருளின் அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் எந்தச் சுருளையும் மாட்டக் கூடாது.

பைப் ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. கடல் ஓரத்தில் வேறு எது நிற்கும்? துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும், இரும்பு உருக 1500 டிகிரியை நெருங்க வேண்டும். ஆகவே பற்றவைக்கும்போதெல்லாம் அந்த வெள்ளைப் புகை வரத்தான் செய்யும். அதைச் சுவாசித்தவனுக்குச் சாயங்காலம் குளிரும் காய்ச்சலும் வரும். நான் இளவயதில் இரண்டு முறை பட்டிருக்கிறேன். பால் குடித்தால் சரியாகும் என்று பெரியவர்கள் டம்ளரை நீட்டுவார்கள், பால் வயிற்றுக்குத்தான் போகிறது, புகை போவது நுரையீரலுக்கு. ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் பூச்சைத் தேய்த்து எடுத்தோம், தேய்க்கும்போதும் பற்றவைக்கும்போதும் முகமூடிக்கு உள்ளே துகள் வடிகட்டும் மாஸ்க் போட்டோம், காற்று பக்கவாட்டில் கடந்துபோகும்படி நின்றோம். காலையில் வேலையைக் கெடுத்த காற்று மதியம் அந்த ஒரு விஷயத்தில் உதவியது.

ஆகஸ்ட் 2, சனி

கைப்பிடி முடிந்தது. கசடைத் தட்டி, கம்பி பிரஷ் போட்டு, பூச்சு போன இடத்திலெல்லாம் துத்தநாகப் பெயின்ட் இரண்டு முறை அடித்தோம்.

படிக்கட்டுக்கு அடியில் வலையும் நைலான் கயிறும் குவித்து வைத்திருந்தார்கள். வேலை தொடங்குமுன் அத்தனையையும் தெருப் பக்கம் மாற்றியிருந்தோம், ஆனாலும் பொறி எங்கே போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. கடைசிப் பற்று முடிந்து ஒரு மணி நேரம் பையனும் நானும் தண்ணீர் வாளியோடு அங்கேயே உட்கார்ந்திருந்தோம். முக்கால் மணி நேரம் கழிந்திருக்கும், சுவரோரம் கிடந்த தேங்காய் நார்த் தூளிலிருந்து நூல் மாதிரி புகை எழுந்தது. பையன்தான் பார்த்தான். ஒரு செம்பு தண்ணீர் போதுமாக இருந்தது.

வீட்டு ஆச்சி படியில் ஏறி, நடுவில் நின்று, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். "அசையவில்லையே மக்களே" என்றார். பட்டறையில் இதே பைப், இதே கம்பி, இதே அளவில் போட்டு உடைத்துப் பார்த்த துண்டைப் பையில் வைத்திருந்தேன். எடுத்து ஆச்சியிடம் காட்டினேன். பைப் கிழிந்திருக்கிறது, பற்று கிழியவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் துண்டை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

திங்கட்கிழமை ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினின் கால் ஒன்று வருகிறது, 8 மில்லி. கம்பியை 1.0க்கு மாற்ற வேண்டும், டிப்பும் சக்கரமும் அதற்கேற்றபடி. பையனை நாளைக்கே ஒரு துண்டு வெட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.