பிறை பார்த்த நோன்பு மாதம்

2025 பிப்ரவரி 28, வெள்ளி

பரங்கிப்பேட்டையில் ஒரு வேடிக்கை உண்டு. கடல் கிழக்கே, பிறை மேற்கே. அதனால் கடலோர ஊர்க்காரர்களாக இருந்தும், ரமலான் பிறை பார்க்கும் நாளில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புவனகிரிப் பக்கம் பார்த்து நிற்கிறோம். இன்றும் மொட்டை மாடியில் அப்படித்தான் நின்றோம், நானும் மகளும்.

மத்தியானம் அன்னங்கோயிலிலிருந்து இருமல் மருந்து வாங்க வந்த மீனவர் கடையிலேயே சொல்லிவிட்டார், "நேத்துதானே பாய் அமாவாசை, இன்னைக்கு எங்கேருந்து தெரியும்?" போனில் பார்த்தேன், அமாவாசை முடிந்தது இன்று காலை ஆறேகாலுக்கு. ஆக, பிறைக்கு வயது பன்னிரண்டு மணி நேரம். வெறும் கண்ணுக்கு அது சிக்காது.

சிக்கவில்லை. மகள் கேட்டாள், "தெரியாதுன்னு தெரிஞ்சும் எதுக்கு வாப்பா நிக்கிறோம்?" பார்க்கச் சொல்லியிருக்கிறது, அதனால் நிற்கிறோம் என்றேன். பதில் சரிதான், ஆனால் பத்தாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

2025 மார்ச் 2, ஞாயிறு

இன்று முதல் நோன்பு. எங்களுக்குத்தான், தெரு முழுக்க இல்லை. எதிர்வீட்டில் சவுதியோடு சேர்ந்து நேற்றே பிடித்துவிட்டார்கள். வருடா வருடம் உள்ளூர்ப் பிறை, உலகப் பிறை, கணக்குப் பிறை என்று மூன்று கட்சி. மூன்று கட்சிக்கும் ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது, அதுதான் சங்கடம்.

உள்ளூர்க்காரர்கள் குரைப் என்பவரின் செய்தியைக் காட்டுவார்கள். சிரியாவில் வெள்ளி இரவே பிறை பார்த்துவிட்டு மதீனா வந்து அவர் சொல்கிறார். நாங்கள் பார்த்தது சனி இரவில், அதன்படிதான் நடப்போம் என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் சொல்லிவிடுகிறார். கணக்கு வேண்டாம் என்பவர்கள் காட்டுவது "நாம் எழுதவோ கணக்கிடவோ தெரியாத சமுதாயம், மாதம் என்பது இப்படியும் இப்படியும்" என்று விரல்களால் 29, 30 காட்டிய ஹதீஸ். இது கட்டளையா, அன்றைய நிலைமையைச் சொன்னதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நிலைமையைச் சொன்னது, கணக்கு தெரிந்த சமுதாயத்துக்குக் கணக்குதான் என்று எகிப்தின் ஹதீஸ் அறிஞர் அஹ்மத் ஷாகிர் 1939-லேயே எழுதினார்.

எனக்கு உறுத்துவது வேறு. அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்கு யாரும் குச்சி நட்டு நிழல் அளப்பதில்லை, பள்ளிவாசல் சுவரில் மாட்டிய அட்டவணையைப் பார்க்கிறோம். சூரியனுக்குக் கணக்கு ஆகும், சந்திரனுக்கு மட்டும் ஆகாதா? "சூரியனைப் பார் என்று சொல்லவில்லை, நேரம் வந்தால் தொழு என்றுதான் சொல்லியிருக்கிறது, பிறைக்கு மட்டும் பார் என்றிருக்கிறது" என்று பதில் சொல்வார்கள். அதுவும் லேசான பதில் இல்லை.

2025 மார்ச் 11, செவ்வாய்

தராவீஹ் என்னும் நோன்பு இரவுத் தொழுகை முடிந்து, மார்க்கம் படித்த ஹஜ்ரத்தோடு பள்ளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மகள் கேட்டதைச் சொன்னேன். அவர் நேராக நஸஃபீ என்பவரின் அகீதாவுக்கு, அதாவது இஸ்லாமிய நம்பிக்கைக் கோட்பாட்டு நூலுக்கு, போய்விட்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிறு நூல், மதரஸாக்களில் தஃப்தாஸானியின் விரிவுரையோடு ஓதுவது. அதில் எடுத்த எடுப்பிலேயே இறைவனைப் பற்றிய பேச்சு இல்லையாம், பொருள்கள் உண்மையிலேயே இருக்கின்றன, அவற்றை அறிய முடியும் என்பதுதான் முதல் வரியாம். அப்புறம் அறிவு வரும் வழி மூன்று: பழுதில்லாத புலன்கள், உண்மையான செய்தி, புத்தி. (சைவ சித்தாந்தம் படித்த சிதம்பரத்து நண்பரிடம் போனில் சொன்னேன், "காண்டல், கருதல், உரை. எங்களிடமும் இருக்கிறதே" என்றார்.)

செய்தியிலும் இரண்டு வகை. பொய் சொல்லச் சேர்ந்து திட்டமிட வாய்ப்பே இல்லாத அளவு பலர் சொல்வது ஒன்று, அதற்கு முதவாத்திர் என்று பெயர். நபியின் செய்தி மற்றொன்று. எனக்குப் பிடித்தது இவற்றைவிட, பட்டியலில் இடமில்லாத ஒன்று. இல்ஹாம், அதாவது ஒருவர் மனதில் தானாக உதிப்பது, பிறருக்கும் செல்லுபடியாகும் அறிவுக்கு வழியல்ல என்று நஸஃபீ வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். எனக்குக் கனவில் வந்தது என்று கடைக்கு வந்து மருந்து கேட்பவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு நடந்து வரும்போது தோன்றியது. வஹீ, அதாவது இறைச்செய்தி ஒரு பக்கம், அறிவியல் ஒரு பக்கம் என்றுதான் இத்தனை நாள் பிரித்து வைத்திருந்தேன். ஆனால் என் அறிவியலே பெரும்பாலும் செய்திதான். இருபது வருடமாக மாத்திரை விற்கிறேன், அட்டையில் 500 மில்லிகிராம் என்று போட்டிருப்பதை ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. அன்றைக்கு ஆறேகாலுக்கு அமாவாசை முடிந்தது என்று பெரிய கணக்குப்புலி போல மகளிடம் சொன்னேனே, அந்தக் கணக்கை நானா போட்டேன்? இங்கே வெள்ளாற்றங்கரையில் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது, அங்கே நுண்ணோக்கியில் பார்ப்பவர்களுக்குப் புலன், கேட்டுக்கொள்கிற எனக்குச் செய்தி. சொன்னவர் யார், எப்படித் தெரிந்துகொண்டார் என்று விசாரிக்கிற வேலை எனக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது.

2025 மார்ச் 19, புதன்

வாட்ஸ்அப்பில் மறுபடியும் அதே வீடியோ, பெருவெடிப்பு குர்ஆனில் அன்றே இருக்கிறது என்று. விஞ்ஞானி கண்டுபிடிக்கும்வரை ஒருவருக்கும் அந்த வசனத்தில் அது தெரியாது, கண்டுபிடித்த மறுநாள் எல்லோருக்கும் தெரியும். நாளைக்குக் கோட்பாடு மாறினால் வசனத்தையும் மாற்றுவார்களா? பதில் போட உட்கார்ந்தேன், நோன்பு வாய், வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இஃப்தாருக்கு, நோன்பு திறக்க, பேரீச்சம்பழத்தை எடுக்கும்போது முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் வரும் ஹதீஸ் நினைவுக்கு வந்தது. மதீனாவில் பேரீச்சைக்குக் கையால் மகரந்தம் சேர்ப்பதைப் பார்த்து, இது பயன் தருமென்று தோன்றவில்லையே என்கிறார்கள் நபி (ஸல்). தோட்டக்காரர்கள் அதை விட்டுவிடுகிறார்கள், விளைச்சல் கெட்டுவிடுகிறது. உங்கள் உலக விஷயம் உங்களுக்கே நன்றாகத் தெரியும் என்று நபி சொல்லிவிட்டார்கள். தோட்டக்காரனின் அனுபவத்துக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் எங்கே கிடைக்கும்? அந்த வீடியோக்காரர்கள் இதை மட்டும் அனுப்புவதேயில்லை.

2025 மார்ச் 29, சனி, இரவு

நாளைக்குப் பெருநாள் என்று சவுதியில் அறிவித்துவிட்டார்கள். எதிர்வீட்டில் சந்தோஷம், பிள்ளைகள் கையில் மருதாணி.

எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்று சூரிய கிரகணம். இங்கே தெரியாது, ஐரோப்பா, வட அமெரிக்கா பக்கம் தெரிந்தது. கிரகணம் என்றாலே சந்திரன் சூரியனுக்கு முன்னால் வந்து நிற்பதுதான். சவுதி நேரம் பிற்பகல் மூன்றே முக்கால்வரை அது நடந்துகொண்டிருந்தது. மக்காவில் சூரியன் மறைந்தது ஆறரை வாக்கில். அந்த இடைவெளியில் பிறை கண்ணுக்குத் தெரிகிற அளவு விலகிவிட்டது என்று சாட்சி சொன்னால், சாட்சி பொய் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன், ஆசைப்பட்ட கண் எதையும் பார்க்கும்.

பதினான்காம் நூற்றாண்டில் தகியுத்தீன் சுப்கி இதைத்தான் எழுதினார். எங்கள் ஷாஃபிஈ மத்ஹபுக்காரர் (மத்ஹப் என்பது மார்க்கச் சட்டப் பிரிவு). பிறை தெரிய வாய்ப்பே இல்லை என்று கணக்கு காட்டும்போது, பார்த்தேன் என்ற சாட்சியை ஏற்கக்கூடாது, கணக்கு உறுதி, சாட்சி யூகம், உறுதிக்கு முன்னால் யூகம் நிற்காது என்பது அவர் வாதம். மத்ஹபில் எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பாருங்கள், அவர் ஹதீஸை எதிர்த்துக் கணக்கை நிறுத்தவில்லை. சாட்சியின் கண்ணைத்தான் கணக்கால் சோதித்தார். 1111-இல் இறந்த மார்க்க அறிஞர் கஸ்ஸாலியும் கிரகணக் கணக்கை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவனைப் பற்றிக் கடுமையாக எழுதியிருக்கிறார். கணக்கு தெரிந்தவனுக்கு அதில் சந்தேகம் வராதாம், மார்க்கத்தின்மீதுதான் வருமாம்.

நபியின் மகன் இப்ராஹீம் இறந்த அன்று கிரகணம் பிடித்தது, அதனால்தான் என்று மக்கள் பேசினார்கள். யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்கள் அதை மறுத்துவிட்டார்கள். அதே பேச்சில், கிரகணத்தைக் கண்டால் தொழுங்கள் என்றும் இருக்கிறது. மகளுக்கு அன்று நான் சொல்ல நினைத்தது இதுதான் போலிருக்கிறது. காலையில் சொல்ல வேண்டும்.

2025 மார்ச் 30, ஞாயிறு

சொன்னேன். "அப்ப நாம பாக்கிறது கண்டுபிடிக்க இல்ல, தொழுகை மாதிரி?" என்றாள். அப்படியும் சொல்லலாம் என்றேன், ஹஜ்ரத்திடம் கேட்காமல் முழுசாகத் தலையாட்டப் பயம்.

மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்குப் பின் மாடி ஏறினோம். இன்றைய பிறைக்கு 25 மணி நேரத்துக்கு மேல் வயது. அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது, "அதோ, அந்தத் தென்னைக்கு மேல" என்று விரலை நீட்டினாள். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டும் தெரியவில்லை. அவள் சொல்லை நம்பிப் பிறைக்கான துஆவை (பிரார்த்தனையை) ஓத ஆரம்பித்தேன். பாதி ஓதுவதற்குள் என் கண்ணுக்கும் அகப்பட்டது.