டைனமோவில் மறுபடியும் ஓடிய 1996

சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்கும் வேலை ஒரு நிலைக்கு வந்துவிட்டது. பின்சில்லைச் சுற்றினால் குரல் வருகிறது. நிறுத்தினால் போய்விடுகிறது. தொண்ணூறுகளில் வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இது என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகவும், செய்து பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்காகவும் விபரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீடு மல்லாவியில், யோகபுரத்தில். அந்த யுத்த வருடங்களில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை விதிக்கப்பட்ட சாமான்களில் பற்றரியும் ஒன்று. தப்பித் தவறிக் கைக்கு வந்தாலும் ஆனைவிலை. செத்த பற்றரியை வெயிலில் காயவைப்போம், ஆணியால் துளைத்து உப்புத்தண்ணீர் விடுவோம். அது இரவுச் செய்தி கேட்கக் காணும். நூறு ஓவர் போகும் கிரிக்கெட்டுக்குக் காணாது. அதனால் ஆட்டம் உள்ள நாளில் அப்பாவின் சைக்கிளை முற்றத்தில் ஸ்ராண்ட் போட்டு நிறுத்தி, பின்சில்லில் டைனமோவைச் சாய்த்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் கேட்போம்.

இலங்கையின் அரவிந்த டி சில்வா 1996 உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டத்தில் எடுத்த 107 ஓட்டங்களை இன்று யாரும் தொலைபேசியில் பார்க்கலாம். நான் அதைப் பார்த்தவள் இல்லை, கேட்டவள். அதுவும் பெரியண்ணாவின் கை வேகத்துக்கு ஏற்ற மாதிரி ஏறியும் இறங்கியும் கேட்டவள். அந்தக் கேட்டலைத்தான் திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்று இந்த வேலையைத் தொடங்கினேன்.

முதல் பிரச்சினை டைனமோ. இப்போது ஊரில் எல்லாரிடமும் மோட்டார் சைக்கிள். இருக்கிற சைக்கிள்களிலும் லைற் என்றால் சார்ஜ் போடுகிற சின்ன எல்ஈடிதான். பழைய போத்தல் டைனமோ ஒன்று கிளிநொச்சியில் ஒரு சைக்கிள் திருத்தும் கடையின் இரும்புப் பெட்டிக்குள் கிடந்தது. 6 வோல்ட், 3 வாட் என்று அடியில் பொறித்திருந்தது. இதற்குள் சுழல்வது ஒரு காந்தம். கம்பிச் சுருள் அசையாது. அதனால் தேய்கிற பாகம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ரயரில் உரசும் தலையைக் கையால் உருட்டிப் பார்த்தபோது காந்தம் இழுத்து இழுத்து விடுவது தெரிந்தது. அது போதும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டதோடு ஓடத் தொடங்கியது.

எங்கள் அன்றைய றேடியோ 2009இல் போன சாமான்களோடு போய்விட்டது. அதே சாயலில், நாலு பெரிய பற்றரி போடுகிற ஒன்றைத் திருத்துகிற கடையில் வாங்கினேன். மத்திய அலை, சிற்றலை, எஃப்எம் மூன்றும் உண்டு. நாலு பற்றரி என்றால் 6 வோல்ட், டைனமோவும் 6 வோல்ட். ஆனால் டைனமோவில் இருந்து வருவது திசை மாறி மாறி ஓடும் மின். றேடியோவுக்கு ஒரே திசை வேண்டும். அதற்கு, மின்னை ஒரு பக்கம் மட்டும் விடும் 1என்4007 டயோட் நாலு எடுத்துப் பாலமாக ஈயம் வைத்து ஒட்டினேன். அதற்குப் பிறகு, மின்னைச் சேர்த்து வைத்துச் சீராக்க 1000 மைக்ரோஃபராட் கண்டென்சர் ஒன்று. பெரியண்ணா அன்று செய்ததும் ஏறக்குறைய இதுதான். செத்த றேடியோக்களில் இருந்து கழற்றிய டயோட்டுகளும், எண் அழிந்த கண்டென்சரும்.

சுற்றியதும் குரல் வந்தது. கூடவே இரைச்சலும் வந்தது, வண்டு ஒன்று றேடியோவுக்குள் அடைபட்ட மாதிரி. கெதியாகச் சுற்றினால் அந்த இரைச்சல் மெலிந்து கீச்சென்று போகும். மெதுவாகச் சுற்றினால் தடித்து உறுமும். காரணம் இருக்கிறது. வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று என்று ஒரே சீராக மாறும். டைனமோவின் மாற்றமோ சில்லின் வேகத்தோடு கூடிக் குறையும். மெதுவாகச் சுற்றும்போது ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைவெளி நீளும். அந்த இடைவெளியை 1000 மைக்ரோஃபராட்டால் நிரப்ப முடியாது. 4700 போட்டேன். இரைச்சல் பெரும்பாலும் அடங்கியது. முழுக்க அடங்கவில்லை, நான் அதற்குமேல் அடக்கவும் இல்லை. அந்த இரைச்சல் இல்லாமல் எனக்கு அது ஆட்டமே இல்லை.

அப்புறம் வோல்ட். றேடியோ மிகக் கொஞ்ச மின்தான் எடுக்கும். பாரம் குறைவாக இருக்கும்போது கெதியாகச் சுற்றினால் டைனமோவின் வோல்ட் எங்கோ போய்விடும். மல்ரிமீற்றரில் 20க்கு மேலே காட்டியது. றேடியோவை இணைக்காமல் சுற்றிப் பார்த்ததால் தப்பியது. இன்றைய பிள்ளைகள் இதற்கு, வோல்ட்டைக் குறைத்து ஒரே அளவில் வைக்கும் குட்டி பக் மொடியூல் ஒன்றைப் பொருத்தச் சொல்வார்கள். பொருத்திப் பார்த்தேன். வோல்ட் அசையாமல் நின்றது, ஆனால் மத்திய அலை முழுவதும் அந்த மொடியூலின் சத்தம் ஏறிவிட்டது. கழற்றி வைத்துவிட்டு, சுவிசில் இருக்கும் பெரியண்ணாவுக்கு வட்சப்பில் கேட்டேன்.

“பல்ப்பை மறந்திட்டியே பிள்ளை? நீ கொப்பி எழுதினது எந்த வெளிச்சத்திலை?”

ஓம், பல்ப்! டைனமோவோடு 6 வோல்ட் சைக்கிள் பல்ப் ஒன்றையும் சமாந்தரமாகக் கொடுத்திருந்தோம். மிஞ்சுகிற மின்னை அது எரித்துவிடும், வோல்ட் தறிகெட்டு ஏறாது. சுற்றுகிற கைக்குப் பாரம் கூடும்தான். அந்த வெளிச்சத்தில் இருந்துதான் ஸ்கோர் கொப்பி எழுதுவது என் வேலை. மண்ணெண்ணெய் கிடையாத காலத்தில் ஆட்டம் நடக்கும் இரவில் மட்டும் எங்கள் முற்றத்தில் நல்ல வெளிச்சம் இருக்கும். அயலில் இருந்த, யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்த கோப்பாய் மாமா குடும்பமும் வந்துவிடும். இழை பல்ப் இப்போது கிடைப்பதுதான் அரிது. அதையும் ஒரு பழைய கடையில் தேடி எடுத்தேன். பல்ப்பைக் கொடுத்ததும் 7 வோல்ட்டை ஒட்டி நின்றது. றேடியோ தாங்கும்.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். 1996 மார்ச் 13, கல்கத்தா ஈடன் கார்டன், அரையிறுதி. அகில இந்திய வானொலியில் கொஞ்ச நேரம் ஆங்கிலம், கொஞ்ச நேரம் இந்தி. இந்தியில் எங்களுக்குத் தெரிந்தது ஆட்களின் பெயரும் இலக்கங்களும்தான். எங்கள் முற்றத்தில் எல்லாரும் ஒரு பக்கம் இல்லை. அப்பாவும் கோப்பாய் மாமாவும் இந்தியா. பெரியண்ணாவுக்கு அரவிந்த என்றால் உயிர். சின்னண்ணா முரளிதரனுக்காக மட்டும் இலங்கை. இலங்கை அணி வெல்வதை எங்கள் பக்கத்தில் அன்று லேசான மனதோடு கேட்க முடியாது. வானத்தில் ஹெலி சத்தம் கேட்டால் பல்ப்பைக் கழற்றிவிட்டுப் பங்கருக்குள் இறங்குகிற காலம் அது. ஆனாலும் ஆட்டம் ஆட்டம்தான். முதல் ஓவரிலேயே ஜயசூரியவும் களுவிதாரணவும் போனார்கள். அதற்குப் பிறகு அரவிந்த 66 ஓட்டங்களை அடித்த அடியில் அப்பாகூட “நல்லா அடிக்கிறான்” என்றார். இலங்கை 251.

இந்தியா துடுப்பெடுத்தபோது இருட்டிவிட்டது. டெண்டுல்கர் 65 வரை வந்துவிட்டார், ஒரு விக்கெட்டுக்கு 98. சுற்றிக்கொண்டிருந்தது சின்னண்ணா. ஜயசூரிய பந்து போடுகிறார், வர்ணனையாளரின் குரல் திடீரென உயர்கிறது, சின்னண்ணா பெடலை விட்டுவிட்டான். குரல் மெலிந்து, கரகரத்து, நின்றது. பல்ப்பும் அணைந்தது. இருட்டுக்குள் எல்லாரும் ஒரே குரலில் “சுத்தடா, சுத்தடா” என்று கத்த, அவன் தட்டுத்தடுமாறிப் பெடலைப் பிடித்துச் சுற்றினான். வெளிச்சம் வந்தது. டைனமோவின் இரைச்சலும் வந்தது. ஆட்களின் சத்தம் மட்டும் வரவில்லை. றேடியோ பழுதாகிவிட்டது என்று பெரியண்ணா அலைவரிசையைத் திருகத் தொடங்கிவிட்டார். உண்மையில் பழுது ஒன்றும் இல்லை. டெண்டுல்கர் ஸ்டம்ப் செய்யப்பட்டுவிட்டார், ஈடன் கார்டன் வாயடைத்துப் போயிருந்தது. அவ்வளவு பெரிய மைதானத்தின் மௌனம் எங்கள் முற்றத்துக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்தது தெரிந்ததே. 98க்கு ஒன்று என்று இருந்தது 120க்கு எட்டு ஆனது. போத்தல்கள் பறந்தன, இருக்கைகளில் தீ வைத்தார்கள், மத்தியஸ்தர் கிளைவ் லொயிட் ஆட்டத்தை இலங்கைக்குக் கொடுத்தார். வினோத் காம்ப்ளி அழுதுகொண்டு போனதை நான் படத்தில் கண்டது பல வருடங்களுக்குப் பிறகு. என் கொப்பியில் அந்த இன்னிங்ஸ் முடிவில்லாமல் நின்றது. கடைசி வரியை எப்படி எழுதுவது என்று அப்பாவைக் கேட்டேன். “அப்பிடியே விடு” என்றார்.

இப்போது செய்யும் வேலையிலும் அந்த மௌனம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. பெடலை விட்டால் சில்லு தானாக ஓடும் ஓரிரு செக்கன் மட்டும் குரல் நிற்கும். 4700 மைக்ரோஃபராட் அதற்குமேல் ஒன்றும் சேர்க்காது. அது இரைச்சலை அடக்கக் காணும், குரலைத் தாங்கக் காணாது. 1 ஃபராட் சுப்பர் கண்டென்சர் இப்போது மலிவாகக் கிடைக்கிறது. 5.5 வோல்ட்டுக்குமேல் தாங்காதென்பதால் அதற்கு முன்னால் வோல்ட்டை 5இல் நிறுத்தி வைக்கும் றெகுலேற்றர் ஒன்று போட வேண்டியிருந்தது. சுற்றுவதை விட்டபிறகும் குரல் அரை நிமிடம் அளவில் நின்றது. என் மகனுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் பெரிய சந்தோசம். சுற்றிவிட்டு விளையாட ஓடினார்கள், குறையும்போது ஒருத்தன் வந்து சுற்றினான், பிறகு ஓடினான். கேட்பதற்கு யாரும் இருக்கவில்லை. நான் அதைக் கழற்றிவிட்டேன். குரல் விட்டுப் போகும் என்ற பயம் இருந்தால்தான் ஆள் சைக்கிளுக்குப் பக்கத்தில் நிற்கும்.

பழைய ஆட்டத்தை றேடியோவுக்குள் கொண்டுவருவது சுகமான வேலை. காரில் பாட்டுக் கேட்கப் பொருத்துகிற குட்டி எஃப்எம் கருவி ஒன்றை மோட்டார் சைக்கிள் பற்றரியில் கொடுத்தேன். தொலைபேசியில் ஆட்டத்தின் ஒலியை மட்டும் ஓடவிட்டால், முற்றத்துக்கு அந்தப்பக்கம் இருக்கும் றேடியோ அதைப் பிடிக்கும். கிடைத்தது தொலைக்காட்சி வர்ணனை, டோனி கிரெய்க்கின் குரல். நாங்கள் அன்று கேட்ட வர்ணனை இல்லைதான். ஆனால் டைனமோவின் இரைச்சலுக்குள் அது வந்தபோது எனக்குக் கை நடுங்கியது.

போட்டது லாகூர் இறுதியாட்டம், 1996 மார்ச் 17. அவுஸ்திரேலியா 241, அதை முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு இலங்கையின் இன்னிங்ஸில் இருந்து தொடங்கினோம். முடிவைச் சொல்லவில்லை. எங்கள் பழைய ஒழுங்குப்படி ஆளுக்கு ஐந்து ஓவர் சுற்ற வேண்டும். 23க்கு இரண்டு என்று ஆனதும் மகன் கேட்டான்: “அம்மா, தோக்கப் போறாங்களா?” நான் வாய் திறக்கவில்லை. அரவிந்தவும் குருசிங்கவும் 125 ஓட்டங்கள் சேர்க்கும்வரை பிள்ளைகள் இடம் மாறி மாறிச் சுற்றினார்கள். குருசிங்க 65உடன் போனபின் ரணதுங்க வந்தார். அந்த நேரத்தில் கை உளைகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. சுற்றுவதில் ஒரு சங்கதி இருக்கிறது. அடிக்கு அடி ஓட்டம் போகும்போது கை தன்னால் வேகமாகிறது, குரல் தெளிகிறது, பல்ப் பிரகாசமாகிறது. ஓட்டம் வராத ஓவரில் கை சோர்ந்து எல்லாம் மங்குகிறது. என் ஞாபகத்தில் அரவிந்தவின் நான்குகள் எல்லாம் வெளிச்சத்தோடு இருப்பதற்குக் காரணம் இதுதான் என்பது அன்றுதான் பிடிபட்டது. ரணதுங்க மெக்ராத்தின் பந்தைத் தட்டிவிட்டு வென்றபோது சுற்றிக்கொண்டிருந்த பெட்டை பெடலை விட்டுவிட்டுத் துள்ளினாள். குரல் போய்விட்டது.

மற்ற ஆட்டங்களைப் பற்றிச் சுருக்கமாக. 1996இல் கொழும்பு மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியபோது எங்கள் பக்கம் பழைய நேரத்திலேயே நின்றது. இந்திய நேரமும் எங்கள் நேரமும் ஒன்று. கொழும்பு வானொலி ஆட்ட நேரம் சொன்னால் அரைமணி கழிக்க வேண்டும். 1998 உதைபந்தாட்ட இறுதி அந்த நேரப்படி நள்ளிரவு 12.30க்குத் தொடங்கியது. சிற்றலையில் பிபிசி ஆங்கிலம் வந்து வந்து போக, சிடான் தலையால் அடித்த இரண்டு கோல்களில் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது, மற்றது அலையோடு போனது. அதே வருடம் ஓவலில் முரளிதரன் 16 விக்கெட் எடுத்ததும், அடுத்த வருடம் டெல்லியில் கும்ளே ஒரே இன்னிங்ஸில் பத்தும் எடுத்ததும் செய்தியாகவே வந்தன. அந்த நாட்களில் மாங்குளம் பக்கத்துச் சண்டையும் இடப்பெயர்வும்தான் வாழ்க்கையாக இருந்தன, சைக்கிளுக்கு வேறு வேலைகள் இருந்தன.

இனிச் செய்ய இருப்பது: ஸ்ராண்ட் போட்ட சைக்கிள் ஆடுகிறது, அதனால் டைனமோவின் தலை ரயரில் இருந்து விலகிவிடுகிறது. சின்ன மரச்சட்டம் ஒன்று அடித்துச் சில்லை இறுக்க வேண்டும். பல்ப்புக்கு உதிரி ஒன்றும் தேட வேண்டும், இருப்பது ஒன்றுதான். பெரியண்ணா ஊருக்கு வருகிறாராம். அவருக்கு 1998 ஏப்ரல் 22 சார்ஜா ஆட்டம் வேண்டுமாம், டெண்டுல்கர் 143 அடித்தது. மணல் புயலால் ஆட்டம் நின்று, 46 ஓவரில் 276 என்று இலக்கை மாற்றினார்கள். ஆளுக்கு ஐந்து ஓவர் என்றால் ஒன்பது தரம் ஆள் மாற வேண்டும். பிள்ளைகள் நாலு பேர், அண்ணாவோடு ஐந்து. முதல் ஐந்து ஓவர் தனக்கு என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.