கேஸ் நிரப்பச் சொன்ன ஏசி

கிருஷ்ணகிரியின் ஏப்ரல் மாத வெயிலைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் காய்ந்த பாறை, ராத்திரி 10 மணிக்கும் அனல் விடும். எங்கள் வீட்டில் தலைக்கு மேல் நேராக மொட்டை மாடி. முழங்கால் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த அம்மாவுக்காகத்தான் ஒன்றரை டன் ஏசி போட்டோம். மூன்றாவது கோடையில் அது மக்கர் செய்தது. முன்பு அரை மணி நேரத்தில் குளிர்ந்த அறை, ஒன்றரை மணி நேரமாகியும் 30 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு படுத்திருந்ததைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

அவசரத்தில் ரிமோட்டில் 16 வைத்தேன். அதனால் பயனில்லை. எங்களுடையது இன்வெர்ட்டர் இல்லாத வகை. 16 வைத்தாலும் 24 வைத்தாலும் கம்ப்ரஸர் ஒரே வேகத்தில்தான் ஓடும், நிற்கும் நேரம்தான் மாறும். ஃபில்டரைக் கழற்றிக் கழுவினேன். காற்று கூடியது, குளிர் கூடவில்லை.

போன் செய்து வரவழைத்த மெக்கானிக், இண்டோர் யூனிட் முன்னால் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் கம்மியா இருக்கு சார், 3000 ஆகும்" என்றார்.

"எங்க தம்பி லீக் ஆகுது?"

"வருஷா வருஷம் கொஞ்சம் குறையத்தான் சார் செய்யும்."

இந்தப் பதிலை மட்டும் தயவுசெய்து நம்பிவிடாதீர்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதுவேதான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் நிரப்பினால் அந்தப் பணமும் காற்றோடு போகும்.

அவரை அனுப்பிவிட்டு, 200 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கினேன். ஏசி காற்றை இழுக்கும் மேல்பக்கம் 33, காற்று வெளியே வரும் வாயில் 27. சுமார் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 6.

மறுநாள் சொந்தக்காரர் மூலம் பர்கூர் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். வந்ததும் வயரில் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டினார். யூனிட்டின் லேபிளில் போட்டிருந்ததைவிட அதிக ஆம்பியர் இழுத்தது. "கேஸ் குறைஞ்சிருந்தா கரண்ட் கம்மியாத்தான்ப்பா இழுக்கும். இது சூட்டை வெளிய தள்ள முடியாம திணறுது. அவுட்டோர் எங்க இருக்கு, காட்டு" என்றார்.

மாடிக்குப் போனதும் எனக்கே விளங்கிவிட்டது. நெடுஞ்சாலைப் புழுதியும் கிரானைட் லாரிகளின் தூசியும் சேர்ந்து, அவுட்டோர் யூனிட்டில் சூட்டை வெளியே விடும் குழாய்ச் சுருளான காயிலின் பின்பக்கம் கம்பளி மாதிரி படிந்திருந்தது. முன்பக்கம், ஃபேனுக்கு அரை அடி தள்ளி, ஒரு தகரம். வெயில் படக்கூடாது என்று அப்பா மாசி மாதம் அக்கறையோடு நிறுத்தியது. சூடான காற்று அதில் மோதித் திரும்பி, மறுபடி காயிலுக்குள்ளேயே போயிருக்கிறது.

பெரியவர் ஏசிக்குக் கரண்ட் போகும் எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டு, கவரைக் கழற்றி, உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடித்தார். வேகமாக அடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கிக் காற்று வழி அடைத்துவிடுமாம். சேறு மாதிரி கறுப்பாக வந்தது, தெளிய முக்கால் மணி நேரம் ஆனது. கூலி 600 ரூபாய்.

மறுபடி அளந்தேன்: மேலே 32, வாயில் 21.

தகரத்தை அப்பாவே கழற்றி, யூனிட்டுக்கு மேலே 2 அடி உயரத்தில் கூரை மாதிரி கட்டினார். அன்று நடுராத்திரி அம்மா போர்வை கேட்டார்.