சராசரியை நம்பிக் கோட்டைவிட்ட கேள்வி, இந்த முறை கைகொடுத்தது

நேற்று முடிவு வந்தது, அல்காரிதம் தாளில் தேறிவிட்டேன். இன்னும் படபடப்பு அடங்கவில்லை. போன முறை என்னைக் கவிழ்த்த அதே வகைக் கேள்வி இந்த முறையும் வந்திருந்தது. அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

கேள்வி இதுதான்: நேரத் துண்டுகள் வரிசையாகத் தரப்படும். வரிசை குலையாமல் அவற்றைச் சொன்ன எண்ணிக்கையில் பக்கெட்டுகளாக, அதாவது தொகுப்புகளாக, வெட்ட வேண்டும். இருப்பதிலேயே நீளமான பக்கெட் முடிந்தவரை சிறியதாக அமைய வேண்டும். போன முறை மொத்தத்தை பக்கெட் எண்ணிக்கையால் வகுத்து, அந்தச் சராசரியைத் தாண்டவிடாமல் வெட்டிக்கொண்டே போனேன். 20, 50, 10, 40 நிமிடங்கள், இரண்டு பக்கெட் என்று வையுங்கள். சராசரி 60. 20-உடன் 50-ஐச் சேர்த்தால் 70, தாண்டிவிடுகிறது. எனவே முதல் பக்கெட்டில் 20 மட்டும். மிச்சம் 100-ம் அடுத்ததன் தலையில்! 20, 50 ஒன்றிலும் 10, 40 மற்றதிலும் போயிருந்தால் 70, 50 என்று முடிந்திருக்கும். அரை மணி நேரம் எழுதிய விடை அப்படியே வீணானது.

சராசரியை மறந்துவிட்டு, விடையையே பைனரி சர்ச்சில், அதாவது தேடும் எல்லையை ஒவ்வொரு முறையும் பாதியாக்கும் முறையில், தேடுங்கள். கீழ் எல்லை 50, அதாவது மிகப் பெரிய துண்டு. மேல் எல்லை 120, மொத்தம். நடு எண்ணை உச்சவரம்பாக வைத்து, துண்டுகளை வரிசையாக நிரப்பிக்கொண்டே போனால் இரண்டு பக்கெட்டில் அடங்குகிறதா என்று ஒரு ஓட்டம் ஓடிப் பாருங்கள். அடங்கினால் அதுவே புது மேல் எல்லை, அடங்காவிட்டால் அதற்கு அடுத்த எண் புது கீழ் எல்லை. 85 அடங்கும், 67 அடங்காது, 76, 72, 70 அடங்கும், 69 அடங்காது. ஆறே சோதனையில் 70 கிடைத்துவிட்டது. நான் இதைத் தினமும் பேனாவால் எழுதிப் பழகினேன். திரையில் பார்த்தால் எனக்கு மனதில் நிற்காது.

அப்புறம் சில குறிப்புகள்:

- கீழ் எல்லையை 0 என்று வைத்தால், வரம்பை விடப் பெரிய துண்டு வரும்போது சோதனை தவறான பதில் சொல்லும்.
- வரிசை மாறலாம் என்றால் அது வேறு கணக்கு. பெரியதை முதலில் எடுத்து, அப்போது குறைவாக உள்ள பக்கெட்டில் போடுங்கள். ஆனால் இதுதான் மிகச் சிறந்த விடை என்று எழுதிவிடாதீர்கள். 30, 30, 20, 20, 20-க்கு இம்முறை 70, 50 தரும். சரியான விடை 60, 60. இரண்டாகப் பிரிப்பதே என்பி-முழுமை (NP-complete) கணக்கு, அதாவது எப்போதும் வேகமாகச் சரியான விடை தரும் வழி எதுவும் இதுவரை தெரியாத வகை.
- பெரியதை முதலில் எடுக்கும் இந்த வழியில் வரும் நீளமான பக்கெட், சிறந்த விடையின் 4/3 மடங்கைத் தாண்டாது என்று கணிதவியலாளர் ரொனால்ட் கிரஹாம் 1969-இல் நிறுவினார். இந்த ஒரு வரிக்குத் தனி மதிப்பெண் உண்டு.
- பக்கெட்டுகள் 'ஏறக்குறைய சமம்' ஆக வேண்டும் என்று கேள்வியில் இருந்தால், அதற்கு அங்கே என்ன பொருள் என்று பாருங்கள். சராசரியிலிருந்து விலகலின் வர்க்கக் கூட்டலைக் குறைக்கச் சொன்னால் பைனரி சர்ச் உதவாது. வரிசை மாறாதபோது டைனமிக் புரோகிராமிங்தான், அதாவது சிறு பகுதிகளின் விடைகளைச் சேமித்து முழு விடையைக் கட்டும் முறை.

நேரம் மிச்சமிருந்தால் ஒரே ஒரு துண்டு உள்ள கணக்கு, எல்லாத் துண்டும் சமமான கணக்கு இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டுத் தாளைக் கொடுங்கள். எனக்கு அதற்கு நான்கு நிமிடம்தான் ஆனது.